வசனம் இல்லை, சாப்பாடு உண்டு

அப்பா போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்டு மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள், பந்தி எப்போது போடுவார்கள் என்று வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதில் தவறொன்றும் இல்லை. அப்பாவும் அப்படித்தான். எங்கே போனாலும் சாப்பாடு உண்டா என்று முதலில் விசாரித்துவிடுவார். அது அவருடைய தொழில் பழக்கம்.

இந்தக் கட்டுரையை என்னிடம் ஒப்படைத்தபோது அண்ணன், "நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா. ரொம்ப நீட்டாதே. சினிமா விஷயத்தை லேசா தொட்டுட்டு விட்டுடு" என்றார். அண்ணன் மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறார். கீறல் விழுந்ததை ஒதுக்கி வைத்தே பழக்கப்பட்டவர். ஆனால் அப்பாவிடம் சினிமாவை ஒதுக்கிவிட்டால் எழுதுவதற்கு மிச்சம் எதுவும் இருக்காது. அதனால் அண்ணன் சொன்னதை நான் கேட்கப் போவதில்லை.

அப்பா மதுராந்தகத்தில், ஐந்து பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் தாம்பரத்துக்கு வந்து ஒரு தியேட்டரில் டிக்கெட் கிழிக்கும் வேலையில் சேர்ந்தார். ஒருநாள் தாம்பரம் ஸ்டேஷனில் படப்பிடிப்பு நடந்தது. ரயிலைப் பிடிக்க ஓடும் கூட்டத்துக்கு ஆள் போதவில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் கையில் ஒரு பெட்டியைத் திணித்து ஓடச் சொன்னார்கள். ரயிலைத் தவறவிடும் பயணி வேடம். ஏழு தடவை ஓடினார், ஏழு தடவையும் ரயிலைத் தவறவிட்டார். அதற்குள் மேட்னி ஷோ ஆரம்பித்துவிட்டது. தியேட்டர் வேலை அன்றோடு போயிற்று.

அதற்குப் பிறகு ஏறக்குறைய முப்பத்தைந்து வருடம் அப்பா திரையில் இருந்தார். நீங்கள் அவரைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கதாநாயகனைத் தேடி வரும் மூன்றாவது போலீஸ்காரர் அவர்தான். கல்யாண வீட்டில் சாம்பார் வாளியோடு குறுக்கே போனவரும் அவரே. கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், வில்லன் கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் முதல் அறையை வாங்கினார், பஸ் எந்தப் பக்கம் போகும் என்று கதாநாயகிக்குக் கை நீட்டிக் காட்டினார். பின்னாளில் டிவி சீரியல்கள் வந்ததும் ஆஸ்பத்திரிக் காட்சிகள் அதிகமாயின. அவற்றில் பக்கத்துக் கட்டில் நோயாளி. இவர்களில் ஒருவருக்கும் பெயர் கிடையாது.

அப்பா ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, நடித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி எழுதுவார். இடம், வேடம், பெயர், வசனம், சாப்பாடு என்று ஐந்து கட்டங்கள். முதல் தடவையிலேயே காட்சி சரியாக வந்துவிட்டால் ஓரத்தில் 'ஒரே டேக்' என்று சின்னதாக எழுதிக்கொள்வார். பெயர்க் கட்டத்தில் மட்டும் பக்கம் பக்கமாக 'இல்லை' என்றே இருக்கும். "பேரே வராதப்ப அந்தக் கட்டம் எதுக்குப்பா?" என்று அண்ணன் ஒருமுறை கேட்டார்.

"ஒருநாள் தேவைப்படும்ல" என்றார் அப்பா. பிறகு எங்கள் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். "பேர் இருந்தாதான் ஒருத்தனை நாலு பேரு கூப்பிடுவாங்க. கூப்பிட்டா அவன் திரும்பிப் பாக்கணும். திரும்புனா மூஞ்சி தெரியும். பேர் இல்லாதவன் எப்பவும் முதுகைக் காட்டிக்கிட்டு போய்க்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

இதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். சொந்தக்காரர்கள் எங்களைவிட நன்றாகவே சிரித்தீர்கள். ஒரு படத்தில் அப்பா பிச்சைக்காரராக நடித்தார். வெயிலில் தார் ரோட்டில் உட்கார்ந்திருக்க, கதாநாயகனின் கார் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போகும். அப்பா காரைப் பார்த்து, "நல்லா இருய்யா" என்று சொல்ல வேண்டும். பதினோரு முறை சேறு அடித்து எடுத்தார்கள். முழுதாக இரண்டு சொற்கள் பேசிய பூரிப்பில், பெரியப்பா வீடு, அத்தை வீடு என்று எல்லோரையும் முதல் நாளே தியேட்டருக்கு அழைத்துப் போனார். படத்தில் அந்தக் காட்சியே இல்லை. கார் வந்தது, சேறு இல்லாத ரோட்டில் போயிற்று. வெளியே வந்ததும் பெரியப்பா, "நீ வர்ற நேரம் பாத்து நான் முறுக்கு வாங்கப் போயிட்டேன் போலிருக்குடா" என்றார். அந்த வரியை அதன் பிறகு எத்தனை கல்யாணங்களில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். அப்பாவும் ஒவ்வொரு முறையும் கூடவே சிரித்தார். பெரியப்பா இன்று முன் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார். முறுக்கு பந்தியில் உண்டு, பெரியப்பா.

பள்ளிக்கூடத்தில் என் பெயரும் காணாமல் போயிற்று. 'மூணாவது போலீஸ் பொண்ணு' என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா ஆறுதல் சொல்லவில்லை. "முதல் போலீஸும் ரெண்டாவது போலீஸும் எங்கிட்ட எவ்வளவு பொறாமையா இருக்காங்க தெரியுமா? கடைசி ஆள்தான் கேமராவுக்குக் கிட்ட" என்றார். அப்போதுதான் அவரை எனக்குப் பிடிக்காமல் போக ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

எங்களைச் சோறு போட்டு வளர்த்தவர் அம்மா. தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஒரு தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துத் தைத்தே எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். அப்பாவின் தொழிலைப் பற்றி அம்மா எதுவும் பேசியதில்லை, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. அப்பா அடிக்கடி பிணமாக நடிப்பார். நன்றாக மூச்சடக்குவார் என்பதால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பிண வேடம் போட்டவர், காட்சி முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் எடுத்த பிறகுதான் அடுத்த வேலையைத் தொடங்குவார்கள். சிரிக்காமல் விட்டால் ஆளுக்கு ஆகாது என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களின் நம்பிக்கை. பிணமாக நடித்துவிட்டு வரும் நாளில் அம்மா வாசல் கேட்டுக்குக் குறுக்கே நின்றுகொண்டு, "சிரிச்சீங்களா?" என்று கேட்பார். "சிரிச்சேன்டி, ரெண்டு தடவை" என்று அப்பா சொன்ன பிறகே வழி விடுவார்.

இப்போது என்னுடைய பங்குக்கு வருகிறேன்.

ஏழு வருடங்களுக்கு முன் எனக்குக் கீழ்க்கட்டளையில் வரன் அமைந்தது. நான் பொத்தேரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா ஆசிரியை. எங்கள் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோது, ஒரு தனியார் கம்பெனியில் நிர்வாகப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று அண்ணனும் நானும் சேர்ந்து சொன்னோம். அம்மா மறுக்கவில்லை. சினிமாப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று சொந்தக்காரர்களையும் கேட்டுக்கொண்டோம். அப்பாவிடமும் சொன்னோம். "நிர்வாகமா? சரி, சட்டையை இன் பண்ணிக்கணுமா?" என்று மட்டும் கேட்டார்.

நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அப்பாவுக்குப் பெயர் கிடைத்தது. புதிதாகத் தொடங்கும் சீரியல் ஒன்றில் கதாநாயகியின் அப்பா வேடம். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். பெயர் தணிகாசலம். அந்தப் பாத்திரத்துக்குப் பேசியிருந்த நடிகர் கடைசி நேரத்தில் வரவில்லை. துணை நடிகர்களை அனுப்பி வைக்கும் ஏஜெண்ட் அண்ணன், "எங்காளு ஒருத்தர் கீறாரு, பாத்தாலே வாத்தியார் மாதிரி இருப்பாரு" என்று சொல்லி அப்பாவைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். மேடவாக்கம் தாண்டி ஒரு வாடகை பங்களாவில் படப்பிடிப்பு. முதல் நாள், சீரியல் வீட்டின் கூடத்தில் மாட்டுவதற்காக அப்பாவை வெள்ளைச் சட்டையில் தனியாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். அடுத்த வியாழக்கிழமை முதல் வசனக் காட்சிகள். குறைந்தது மூன்று மாதம் பாத்திரம் இருக்கும் என்றார்கள்.

அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் தணிகாசலத்தைத் தவிர வேறு பேச்சே இல்லை. நான்கு பக்க வசனத்தை அப்பா கழிவறையில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார். காய்கறிக்காரரிடம், "தணிகாசலம் வந்தேன்னு வீட்ல சொல்லுப்பா" என்று ஒத்திகை பார்த்தார். "தணிகாசலம்னு பின்னாடியிருந்து ஒரு தடவை கூப்பிடு, நான் திரும்பறேன், பாத்து எப்படி இருக்குன்னு சொல்லு" என்று என்னிடமும் கேட்டார். எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். சீரியல் அடுத்த மாதம் ஒளிபரப்பாகும். கல்யாணம் அதற்கடுத்த மாதம். தினமும் சாயங்காலம் கீழ்க்கட்டளை வீட்டுக் கூடத்தில் நிர்வாகப் பிரிவு அதிகாரி தலைமை ஆசிரியராக வந்து அழுவார். புதன்கிழமை மதியம் கல்லூரி மாடிப்படியில் நின்றுகொண்டு ஏஜெண்ட் அண்ணனுக்குப் போன் செய்தேன். "அப்பாவுக்கு நேத்துலேர்ந்து நெஞ்சு வலி. டாக்டர் வெளிய போகக் கூடாதுன்னுட்டாரு. நாளைக்கு வண்டி அனுப்பாதீங்க. அவருக்கு போனும் பண்ணாதீங்கண்ணா, பேசினா டென்ஷன் ஆவாரு" என்றேன். அவர் நம்பிவிட்டார். போனை வைத்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதைப் பொய்யாக மாற்றி எழுத எனக்கு மனமில்லை.

வியாழக்கிழமை காலை அப்பா நான்கு மணிக்கே எழுந்து முகச்சவரம் செய்துகொண்டு, திருநீறு பூசிக்கொண்டு கேம்ப் ரோடு முனைக்குப் போனார். கம்பெனி வண்டி அங்கேதான் வந்து ஏற்றிக்கொள்ளும். நான் ஆபீசுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். எட்டு மணிக்குத் திரும்பி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டையையும் கழற்றி மடித்து வைத்தார்.

"என்னப்பா ஆச்சு?" என்று கேட்டேன்.

"கதையை மாத்திட்டாங்களாம்மா" என்றார். "அந்த வாத்தியார் கேரக்டரே வேணாமாம். உனக்குப் பல்லாவரத்துல துணி எடுக்கணும்னியே, வா போலாம்."

அன்று எனக்கு மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப் புடவை எடுத்தோம். அப்பாதான் தேர்ந்தெடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்க்கட்டளையில் ஒரு சின்ன மண்டபத்தில் நிச்சயம் நடந்தது. கிளம்பும்போது அண்ணன், "நீங்க ஒண்ணும் பேச வேணாம்பா, நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்னார். அப்பா பேசவில்லை. சட்டையை இன் செய்துகொண்டு, கொடுத்த தட்டை வாங்கி, வாங்கிய தட்டைக் கொடுத்து, சொன்ன இடத்தில் உட்கார்ந்தார். சம்பந்தி ஏதோ பென்ஷன் பற்றிக் கேட்டபோது புன்னகை செய்துவிட்டு அண்ணனைக் காட்டினார். எல்லோரும் அவரை ரொம்பத் தன்மையான மனிதர் என்று புகழ்ந்தார்கள்.

சீரியல் ஆரம்பித்தது. தணிகாசலத்தைக் கதை தொடங்கும் முன்பே சாகடித்துவிட்டார்கள். முன்பு எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, கூடத்தில் மாட்டிவிட்டார்கள். கதாநாயகி தினமும் அதன் முன்னால் நின்று "அப்பா" என்று அழுதாள். முதல் நாள் அதைப் பார்த்ததும் அம்மா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"மாலை போட்டுட்டாங்க! இதுக்கு சிரிச்சீங்களா நீங்க?"

"போட்டோவுக்கு எப்படிடி சிரிக்கறது? நான் அங்க இல்லவே இல்லையே."

"இப்ப சிரிங்க. இங்க நின்னு சிரிங்க."

அப்பா டிவிக்கு எதிரே, மாலை போட்ட தம் படத்துக்கு எதிரே நின்று பல் தெரியச் சிரித்தார். அம்மாவுக்குப் போதவில்லை. அந்த வாரம் முழுவதும் சாயங்காலம் அந்த நேரத்துக்கு எங்கே இருந்தாலும் வந்து நின்று சிரித்துவிட்டுப் போனார். நான் சோபாவில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்தப் போட்டோ மூன்று வருடம் தொங்கியது. என் வளைகாப்புக்கு மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது டிவியில் அது வந்தது. "இந்த போட்டோல இருக்கறவர் அச்சு அசல் உங்கப்பா மாதிரியே இருக்காரேம்மா" என்றார். அப்பா பக்கத்து நாற்காலியில்தான் காபி குடித்துக்கொண்டிருந்தார். "இல்லத்தை, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றேன். அப்பா ஆமாம் என்று தலையாட்டினார். கையிலிருந்த காபி தளும்பவில்லை.

அதற்குப் பிறகு அப்பா நடிக்கப் போவதைக் குறைத்து, பிறகு நிறுத்தியே விட்டார். வயதாகிவிட்டது என்றார். கடைசி இரண்டு வருடம் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நானும் என் கணவரும் அண்ணனும் முறை வைத்து அழைத்துப் போவோம். ஒருநாள் அங்கே புதிதாக வந்த நர்ஸ் ஒருவர் அப்பாவைக் கண்டதும் ஊசியைக்கூட மறந்துவிட்டு நின்றார். "சார், நீங்க தணிகாசலம்தானே? அந்த சீரியல்ல போட்டோல வருவீங்களே! எங்கம்மா உங்க போட்டோவைப் பாத்தே அழுவாங்க சார்."

அப்பாவின் வாழ்க்கையில் முன்பின் தெரியாத ஒருவர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். அவரும் திரும்பினார். முதலில் என் பக்கம் திரும்பினார். எனக்குப் பின்னால் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "இல்லம்மா, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார். நான் சொன்ன அதே சொற்கள், அதே இழுப்பு. நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

போன வருடம் ஒரு காலையில், இட்லிக்குச் சட்னி கேட்டுவிட்டு, அது வருவதற்குள் போய்விட்டார்.

அவரோடு நடித்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஒருவருடைய முகமும் எங்கள் யாருக்கும் புதிதாகத் தெரியவில்லை, ஒருவருடைய பெயரும் தெரியவில்லை. பல படங்களில் அப்பாவுக்கு முன்னால் இரண்டாவது போலீஸ்காரராக நின்றவர் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு குனிந்து, கண்ணாடிமேல் கையை வைத்துத் தட்டி, "அண்ணே, ஷாட் ஓகே ஆயிடுச்சிண்ணே. எந்திரிச்சி சிரிண்ணே" என்றார். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்பா நடித்தவர் என்பது என் கணவருக்குத் தெரிந்தது அன்றுதான். முட்டி அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்ததால் மாமியார் வர முடியவில்லை. அவருக்கு இதைப் படிக்கும்போதுதான் தெரியும். அத்தை, அந்தப் போட்டோவில் இருந்தது எங்கள் அப்பாதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஏஜெண்ட் அண்ணன் வந்தார். செய்தித்தாளில் சுற்றிய பெரிய சட்டம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். சீரியல் முடிந்து சாமான்களை அள்ளிப் போட்டபோது அதைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் வைத்திருந்தாராம். அப்பா கேமராவைப் பார்த்தபடி தனியாக, வேஷமில்லாமல் நிற்கும் படம் எங்களிடம் வேறு எதுவும் இல்லை. இந்த மலரின் அட்டையில் நீங்கள் பார்ப்பது அதுதான்.

சாப்பிட்டு முடித்து, பந்தல் ஓரம் என்னை உட்காரச் சொன்னார். "இன்னாம்மா, உன்னாண்ட சொல்லலாமா வேணாமான்னு நெனச்சிகினே இருந்தேன். அண்ணனே போயிட்டாரு, இன்னா இப்போ. அன்னிக்கு நீ போன் பண்ணி நெஞ்சு வலின்ன பாரு. மறுநாள் காலைல ஏழு மணிக்கு அண்ணன் எனக்கு போன் பண்ணாரு. வண்டி இன்னும் வர்லியே, கேம்ப் ரோட்ல நின்னுகினு கீறேன்னாரு. எனக்குப் பேஜாரா பூடுச்சி. இன்னாண்ணே, நெஞ்சு வலின்னு உம் பொண்ணு சொல்லிச்சே, நீ ரோட்ல நின்னுகினு கீறியேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"லைன் கட்டாயிடுச்சின்னு நான் ஹலோ ஹலோன்றேன். அப்பால சொன்னாரு, ஆமாம்பா வலி கீது, பொண்ணு சொன்னது கரெக்டுதான், நான்தான் கேக்காம வந்துட்டேன், வூட்டுக்குப் போறேன்னாரு."

"கதையை மாத்திட்டாங்கன்னு நீங்கதானே அவர்கிட்ட சொன்னீங்க?"

"அன்னிக்குக் கதைய எங்க மாத்துனாங்க? அண்ணன் ஒடம்பு தேறி வரட்டும்னு கம்பெனி வெய்ட் பண்ணிச்சி. வெள்ளிக்கெழம நான் போன் பண்ணேன். இப்ப எப்டிண்ணே கீது, நாளைக்கு வர்றியா, உனக்காவ நிறுத்தி வெச்சிகினு கீறாங்கன்னேன். ஞாயித்துக்கெழம எம் பொண்ணுக்கு நிச்சயம், இனிமே நான் வர்றதா இல்ல, வேற ஆள பாத்துக்கோன்னுட்டாரு. அதுக்கு அப்பாலதான் போட்டோவுக்கு மாலை போட்டாங்க."

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் நின்று அப்பா சொன்னது அவர் தாமே எழுதிக்கொண்ட வசனம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ரோட்டிலிருந்து வீடு வரும் வழியில் எழுதியிருக்க வேண்டும். அதன் பிறகு ஆறு வருடம், என் பிரசவம், என் பிள்ளையின் பிறந்தநாள்கள், ஆஸ்பத்திரி என்று தினமும் என் எதிரே உட்கார்ந்து, தெரியாதவர் போலவே இருந்தார். நான் ஒருநாள்கூடச் சந்தேகப்படவில்லை. அவர் நடிப்பில் எனக்கு மரியாதை இருந்ததே இல்லை.

நன்றி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். இரண்டு வருடம் அப்பாவைச் சலிக்காமல் ஏற்றி இறக்கிய ஆட்டோக்கார அண்ணனுக்கும், டயாலிசிஸ் பிரிவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அந்த நர்ஸ் சகோதரிக்கும் எங்கள் நன்றி. உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், அது அவர்தான். காரியத்துக்கு வந்து கைகொடுத்த எதிர் வீட்டாருக்கும், எதையும் கேட்காமல் என்னோடு இருக்கும் என் கணவருக்கும், ஏஜெண்ட் அண்ணனுக்கும், ஐஸ் பெட்டியைத் தட்டிய இரண்டாவது போலீஸ்காரருக்கும் நன்றி. இந்தப் பக்கங்களை அச்சுக்கு அனுப்பும் முன் படித்துவிட்டு, "கீழ்க்கட்டளையில எல்லாரும் படிப்பாங்களே" என்று கேட்ட அண்ணனுக்கும், கேட்டுவிட்டு அப்படியே அனுப்பிவிட்டதற்காக நன்றி.

ஏஜெண்ட் அண்ணன் போன பிறகு நான் அப்பாவின் நீள நோட்டைத் தேடி எடுத்தேன். அந்த வியாழக்கிழமைக்கான வரியை அவர் முந்தின நாளே எழுதி வைத்திருந்தார். வேடம், தலைமை ஆசிரியர். பெயர், தணிகாசலம். வசனம், நான்கு பக்கம். அந்த வரியின்மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டிருந்தது. அதற்கு அடுத்த வரி ஞாயிற்றுக்கிழமை. அன்று அவருக்குப் படப்பிடிப்பு எதுவும் கிடையாது.

இடம், கீழ்க்கட்டளை. வேடம், பெண்ணின் அப்பா. பெயர், இல்லை. வசனம், இல்லை. சாப்பாடு, உண்டு. ஓரத்தில் சின்ன எழுத்தில், ஒரே டேக்.

— மகள்